மதிப்பெண் குறைந்தது பிள்ளைக்கு. மதி குறைந்தது யாருக்கு?



மே மாதம் பிறந்துவிட்டால் நம் மதுரையில் வெயிலோடு இன்னொரு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான அன்று மாலை காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் கோரிப்பாளையத்திலும் மகபூப்பாளையத்திலும் அஸர் தொழுதுவிட்டு வெளியே வருவோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: "உங்க பிள்ளை எவ்வளவு?" ஐந்நூற்றைம்பது என்று சொல்ல முடிந்த தகப்பனார் வாசலில் நின்று பேசுகிறார். முந்நூற்று நாற்பது வாங்கிய பிள்ளையின் தகப்பனார் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்து, பக்கவாட்டு வாசல் வழியே வீடு போய்ச் சேர்கிறார்.

அந்தப் பக்கவாட்டு வாசலில் போனவருக்காகவே இதை எழுதுகிறோம். அவரை அந்த வாசலுக்குத் துரத்திய நம் அனைவரையும் கண்டிக்கவும் எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிளஸ் டூ எழுதுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தேறுகிறார்கள். அவர்களில் ஐந்நூறைத் தாண்டாமல் நடுவில் நிற்பவர்கள் ஏராளம். நம் கடைகளையும் பட்டறைகளையும் பள்ளிவாசல்களையும் குடும்பங்களையும் நாளை தாங்கப் போகிறவர்கள் அவர்களே. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தை அரசே 2017இல் கைவிட்டுவிட்டது. நம் ஜமாஅத்துகளின் மேடைகள் மட்டும் இன்னும் கைவிடவில்லை. முதல் மூன்று பிள்ளைகளுக்குப் பொன்னாடை, கேடயம், புகைப்படம். மற்றப் பிள்ளைகள் கீழே நாற்காலியில் அமர்ந்து கைதட்ட வேண்டும். அன்றிரவு அந்தப் பிள்ளை வீட்டில் என்ன கேட்டிருப்பான் என்று மேடையில் இருந்தவர் எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

பிறரைச் சாடுமுன்

பிறரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவதே நேர்மை. எங்கள் மூத்த மகன் 600க்கு 338 வாங்கினான். கணிதம் 54, இயற்பியல் 58, வேதியியல் 60. பொறியியல் கலந்தாய்வில் கணித மதிப்பெண்ணை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக் கூட்டுவார்கள். 54, 29, 30. ஆக 200க்கு 113. அந்த எண் எங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும். அதை நாங்கள் ஓர் அவமானமாக மட்டுமே படித்தோம்.

மறுவாரமே ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்தார். "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு பாய், நாளைக்குள்ள சொல்லணும்" என்றார். சொன்னோம். வங்கிக் கடனில் வட்டி இருக்கிறதென்று அதுவரை ஒதுங்கியிருந்த நாங்களே, அவன் அம்மாவின் நகையை அடகுக்கடையில் வைத்தோம். அங்கே மட்டும் வட்டி இல்லையா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று பருவங்களில் ஒன்பது தாள்கள் நிலுவை. அதன்பின் ஒருநாள் காலை அவன் கல்லூரிப் பேருந்தில் ஏறவில்லை, காரணத்தையும் சொல்லவில்லை. எங்களோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுவதையும் தவிர்த்தான்.

இத்தனைக்கும் எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதானால் முஅத்தின் கூப்பிட்டனுப்புவது அவனைத்தான். பத்தாம் வகுப்பிலிருந்தே அண்டை வீட்டு மின்விசிறியும் மிக்ஸியும் அவன் கையில்தான் உயிர் பெற்றன. ஊரே அறிந்த இந்த உண்மை, அவனுக்குக் கல்லூரி தேடிய எங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. பின்னர் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பட்டயப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். பிளஸ் டூவில் அறிவியல் பாடப்பிரிவு படித்தவர்களுக்கு அந்த வழி உண்டு. சேர்ந்த அன்று அவன் சொன்ன ஒரு சொல் இன்றும் எங்களைச் சுடுகிறது: "இதை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கலாமே, அத்தா."

நாங்கள் கல்லூரியைத் தேடினோமே தவிர, பிள்ளையைத் தேடவில்லை. இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: நடுத்தர மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குக் கல்லூரி கிடைப்பது கடினமன்று. அவனுக்குப் பொருந்தும் கல்லூரியை மறைத்து நிற்பது பெரியவர்களின் கௌரவம்.

விலைக்கு வாங்கும் இருக்கை

"ஒரே ஒரு சீட்டு" என்ற வணிகப் பேச்சை முதலில் உடைப்போம். தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. சுயநிதிக் கல்லூரிகளில் 65 விழுக்காடும், சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் 50 விழுக்காடும் அரசுக் கலந்தாய்வுக்கு உரியவை. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இருக்கிறது. எண்ணற்றோர் உழைத்துப் பெற்ற அந்த உரிமை கையில் இருக்கும்போது அதே கல்லூரியின் பின்வாசலில் பணப்பையோடு நிற்கிறோம். நன்கொடை வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாடு அரசு 1992இலேயே சட்டம் இயற்றியது. வாங்குகிறவன் குற்றவாளி என்றால், ரசீது கேட்காமல் கொடுத்துவிட்டு வரும் நாம் யார்?

அதைவிடக் கொடியது, அந்தப் பணம் வரும் வழி. வட்டியை வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லோரையும் மார்க்கம் ஒரே வரிசையில் வைத்துக் கண்டிக்கிறது. நம் இமாம்கள் மிம்பரில் இதைப் பலமுறை நினைவூட்டுகிறார்கள். ஆனால் ஜூன் மாதத்தில் அடகுக்கடைக்குப் போகும் பர்தாக்களின் எண்ணிக்கையை எவரும் பேசுவதில்லை. பிள்ளை விரும்பாத படிப்பு, அவனால் கடக்க முடியாத பாடம், அதற்காக வட்டிக்கு வாங்கிய பணம். இந்த மூன்றையும் ஒரு பதினேழு வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, "உனக்காகத்தானே செய்தோம்" என்று வேறு சொல்லிக்காட்டுகிறோம். எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மீறிய சுமையை இறைவன் ஏற்றுவதில்லை என்று நம்புகிறவர்கள் செய்யும் செயலா இது?

கடைக்கா, கல்ஃபுக்கா, கல்யாணத்துக்கா?

பணம் இல்லாத வீடுகளில் இதே அலட்சியம் வேறு உருவம் எடுக்கிறது. "இவனுக்குப் படிப்பு வராது, மாமு கடையில் நிற்கட்டும்" என்கிறோம். அல்லது பாஸ்போர்ட் எடுக்கிறோம். கடை ஹலாலான தொழில். வளைகுடாவின் வியர்வையில்தான் நம் தெருக்களின் பல மாடிகள் எழுந்தன. அவற்றை இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாண்டு பி.காம். படித்துவிட்டுக் கடையில் நிற்பவனுக்கு ஜி.எஸ்.டி. கணக்கைத் தானே எழுதத் தெரியும். மின்னியல் பட்டயத்தோடு விமானம் ஏறுபவனுக்கு வேலையும் வேறு, ஊதியமும் வேறு. படிப்பை முடித்துவிட்டும் அதே கடைக்கு வரலாம்.

பெண் பிள்ளைக்கு நாம் செய்வது இன்னும் பெரிய அநீதி. ஐந்நூறு வாங்கினால் "படிக்கட்டும்", முந்நூற்றைம்பது வாங்கினால் "மாப்பிள்ளை வரும்வரை வீட்டில் இருக்கட்டும்." மதிப்பெண்ணா அவளுடைய கல்வி உரிமையைத் தீர்மானிக்கிறது? லேடி டோக் கல்லூரி 1948இலும் பாத்திமா கல்லூரி 1953இலும் பெண்களுக்கென்றே மதுரையில் தொடங்கப்பட்டவை. மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி நம் கோரிப்பாளையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவளானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். அவள் தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு. இத்தனைக்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் தடை நம் மனம் ஒன்றுதான்.

மூன்றாவது ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மனம் நொந்துகொண்டே. "இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது, மதரஸாவில் சேர்த்துவிடுவோம்" என்று சொல்லும் வாய்களை நாம் கேட்டிருக்கிறோம். இறைவேதத்தையும் மார்க்கச் சட்டங்களையும் கற்பது, வேறெங்கும் இடம் கிடைக்காதவனுக்கு ஒதுக்கிய மூலையா? ஆலிமாக விரும்பும் பிள்ளையை அனுப்புவது பாக்கியம். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக அனுப்புவது பிள்ளைக்கும் தீனுக்கும் ஒருசேரச் செய்யும் அவமரியாதை.

பத்ரில் திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. பத்ருக்குப் புறப்பட்ட படையில் சேர ஆசையோடு வந்த ஒரு சிறுவரை, வயது போதாதென்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு அப்போது ஏறத்தாழப் பதின்மூன்று வயது. ஒரு வாசல் அவருக்கு மூடப்பட்டது. அவருடைய குலத்தார் என்ன செய்தார்கள்? அவரிடம் இல்லாத உடல் வலிமையை எண்ணிப் புலம்பவில்லை. திருக்குர்ஆனின் பல சூராக்களை அவர் மனனம் செய்திருந்ததைக் கவனித்து, அதைச் சொல்லியே நபி (ஸல்) அவர்களிடம் அழைத்துச் சென்றார்கள். நபியவர்களும் அந்தத் திறமையைக் கண்டு, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி அவருக்குப் பணித்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார். அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் திருக்குர்ஆனை ஒன்றுதிரட்டும் மகத்தான பொறுப்பு அவரிடமே வந்தது. அவர்தாம் ஜைத் இப்னு ஸாபித் (ரலி).

பிலால் (ரலி) அவர்களின் குரல், ஹஸ்ஸான் (ரலி) அவர்களின் கவிதை, காலித் (ரலி) அவர்களின் போர்த்திறன், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வணிகம். இவர்களை ஒரே தராசில் நிறுத்தி யாருக்கு எத்தனை என்று கேட்ட சமுதாயம் அன்று இருந்ததில்லை. யாரிடம் எது இருக்கிறது என்று தேடிய சமுதாயம் அது. அந்த ஸுன்னத்தை நாம் எங்கே தொலைத்தோம்?

மதுரையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேடி எடுத்து, ஈராண்டு பயிற்சி அளித்துக் கண் மருத்துவப் பணியாளர்களாக உருவாக்குகிறது. அங்கே மதிப்பெண் பட்டியலைவிட மனப்பாங்கும் உழைப்பும் எடை போடப்படுகின்றன. உலகமே வந்து பார்த்துச் செல்லும் அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு அந்தப் பெண்கள். நம் தெருவில் நடக்கும் ஒன்றிலிருந்து நாம் பாடம் கற்கவில்லை.

முன்னோர் கட்டிவைத்த வாசல்கள்

நம் முன்னோர் இந்த நடுத்தரப் பிள்ளையை மறந்தவர்கள் அல்லர். 1951இல் திருச்சியில் ஹாஜி ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் கல்லூரி எழுப்பினார்கள். 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் ஹவுதியா கல்லூரி எழுந்தது. 1964இல் மதுரையில் வக்ஃப் வாரியக் கல்லூரி, 1970இல் இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் வணிகர் வீட்டுப் பிள்ளையும் உழவர் வீட்டுப் பிள்ளையும் நம் மண்ணிலேயே பட்டம் பெறட்டும் என்றுதான் இவற்றைக் கட்டினார்கள். அந்த வாசல்களை நாம் இன்று "மார்க்கு கம்மியானவன் போற இடம்" என்று இளக்காரமாகப் பேசுகிறோம். வக்ஃப் செய்தவர்களின் நோக்கத்தைக் கேலி செய்கிறோம் என்ற உணர்வும் இல்லை. முஸ்லிம்கள் நடத்துவதாலேயே ஒரு கல்லூரி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்திவிடும் என்றும் சொல்லமாட்டோம். அங்கும் கேட்க வேண்டியதைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

முதற்கேள்வி பிள்ளையிடம். யாரும் சொல்லாமலே அவன் எதைச் செய்கிறான்? எந்தப் பாடத்தை மனனம் செய்யாமலே புரிந்துகொண்டான்? ஒருநாள் அஸருக்குப் பின் அவனோடு நடந்துகொண்டே கேளுங்கள். உறவினர் கூடியிருக்கும் திண்ணையில் கேட்காதீர்கள்.

அடுத்து, படிப்பு. வணிகவியலுக்கும் கணினிக்கும் முண்டியடிக்கும் கூட்டம் வரலாறு, பொருளியல், தமிழ், விலங்கியல் துறைகளின் வாசலில் இருப்பதில்லை. நல்ல கல்லூரி ஒன்றில் நடுத்தர மதிப்பெண்ணுக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பு உண்டு. அரசுச் சட்டக் கல்லூரி மதுரையிலேயே இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 2 பதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அங்கும் அந்த 3.5 விழுக்காடு நமக்காகக் காத்திருக்கிறது.

அடுத்து, கட்டணம். ஒரே கல்லூரியில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பாடமும் பட்டமும் ஒன்றே. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாண்டுகளுக்கும் ஆகும் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, கல்லூரியைப் பாருங்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைத் தேநீர்க் கடையில் சந்தியுங்கள். வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, ஆய்வகம் திறக்கிறதா, எத்தனை பேர் நிலுவையின்றித் தேறுகிறார்கள் என்று கேளுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளையானால் அங்கே தமிழ் வழி வகுப்பு உண்டா என்பது உயிரான கேள்வி. பல பிள்ளைகள் பாடத்தில் தோற்பதில்லை. முதல் ஆண்டின் ஆங்கிலத்தில் மிரண்டு தோற்கிறார்கள்.

அடுத்து, தூரம். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ இரண்டு பேருந்து மாறி வரும் பிள்ளை நாளுக்கு நான்கு மணி நேரத்தைச் சாலையில் இழந்தால் எப்போது படிப்பான், எப்போது தொழுவான்? பெயர் பெற்ற தொலைவான கல்லூரியைவிட, பெயர் குறைந்த அருகிலுள்ள கல்லூரி அவனுக்கு நன்மையாக இருக்கலாம். விடுதி என்றால் உணவையும் ஜும்ஆவுக்கு அனுமதியையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, காகிதங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் முகமது என்ற பெயர் எழுதப்பட்டு அலையாத வீடு நம்மில் குறைவு. சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று தெளிவாக இருக்கிறதா? வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் தயாரா? இவற்றை முடிவு வரும் மே மாதத்தில் தேடாமல் ஜனவரியிலேயே சரிசெய்யுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் கேட்கலாம். தவறிய பாடம் ஏதேனும் இருந்தால் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் சேரவும் வழியுண்டு.

"அப்படியானால் மதிப்பெண் குறைந்தவன் பொறியாளர் ஆகவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக ஆகலாம், ஆசை அவனுடையதாக இருந்தால். கலந்தாய்வில் நேர்வழியில் போகட்டும். அல்லது மதுரையில் 1946 முதல் இருக்கும் தமிழ்நாடு பாலிடெக்னிக் போன்ற ஒன்றில் பட்டயம் பெற்று, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரட்டும். நாம் எதிர்ப்பது அவனுடைய ஆசையை அன்று. பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொல்வதற்காக அவன் தலையில் கட்டப்படும் நம் ஆசையைத்தான்.

ஜமாஅத்தினருக்கு

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் மூன்றே மூன்று கேட்கிறோம். ஒன்று: பரிசு மேடையை மாற்றுங்கள். தேறிய பிள்ளைகள் அனைவரையும் மேடையேற்றுங்கள். முதல் மூவருக்குத் தரும் கைகுலுக்கலை முந்நூறு வாங்கியவனுக்கும் தாருங்கள். இரண்டு: தேர்வு முடிவுக்குப் பின் வரும் இரண்டு ஜும்ஆக்களில் தொழுகை முடிந்ததும் மஷ்வரா அமர்வு வையுங்கள். ஏஜென்ட்டுகளை வாசலிலேயே நிறுத்துங்கள். அண்மையில் கல்லூரி முடித்த நம் தெருப் பிள்ளைகளை, பெண்களுக்குத் தனியாகப் பட்டதாரிச் சகோதரிகளை, உட்கார வையுங்கள். மூன்று: பைத்துல்மாலில் ஜூன் மாதத்திற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, கல்விக் கட்டணத்துக்கு அழகிய கடன் கொடுங்கள். ஒரு குடும்பமாவது அடகுக்கடை வாசலிலிருந்து திரும்பி வந்தால் அந்த ஆண்டின் நிர்வாகம் நற்செயல் செய்துவிட்டது.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்றுதான். மஷ்வரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். அந்த மஷ்வராவில் முதல் இருக்கையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அடுத்த மே மாதம் முடிவு வரும் மாலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலின் முன்வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். "எவ்வளவு?" என்று எவரேனும் கேட்டால், எண்ணைச் சொல்லுங்கள், கூடவே அவன் என்ன படிக்கப் போகிறான் என்பதையும் சொல்லுங்கள்.

நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளை அவர்கள் இருக்கிறபடியே அறிந்துகொள்ளும் பார்வையை வல்ல இறைவன் நமக்குத் தருவானாக! ஹலாலான வழியில் பயனுள்ள கல்வியை அவர்களுக்கு எளிதாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.